வட்டி குறைந்த நாளில் வாங்கிய பேடா

கட்கி கடைவீதியில் போய் ஜம்புநாதன் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஃபெட் மாமா வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். ஃபெட் என்கிற அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதம் ஏற்றினால் என்ன, இறக்கினால் என்ன, புனேயில் பென்ஷன் வாங்கிக்கொண்டு ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் அறுபத்தாறு வயது மனிதருக்கு அதில் என்ன வந்தது என்று நீங்களும் நானும் கேட்கலாம். அவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் டாலரில் ஆரம்பித்து, கச்சா எண்ணெய் வழியாகச் சுற்றி, நம் வீட்டுத் துவரம்பருப்பில் கொண்டுவந்து முடிப்பார். அதற்குள் நாம் ஏறவேண்டிய பஸ் இரண்டு போய்விட்டிருக்கும்.

ஆள் ஒன்றும் வெட்டிப் பேச்சுக்காரர் இல்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் பரிசோதகராக இருந்தவர். தோட்டாவின் பித்தளைக் கூட்டை அளக்க அவர் கையில் எஃகில் செய்த ஓர் அளவி இருக்கும். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை கூட்டுக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. இரண்டையும் பார்த்தால்தான் சரக்கு பாஸ். அவசரத்தில் ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களை அவர் மனிதராகவே மதித்ததில்லை. ஃபோர்மன் முறைத்தாலும் சரி, மாசக் கடைசியானாலும் சரி, சந்தேகம் வந்துவிட்டால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். ரிடையரான அன்று கழுத்தில் மாலை போட்டுப் பேசியவர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். மனைவி ருக்மிணி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரிடையரான ஆறு மாதத்தில் அவருக்கு ஒரு குறை வந்துவிட்டது. ஒரு பொருளைக் கொண்டுவந்து நீட்டி, இதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்க ஆளில்லை. ருக்மிணி கேட்பதெல்லாம் மேத்தி கீரை வாங்கி வரமுடியுமா என்பதுதான். சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் டிவியில் வணிகச் சேனலைப் போட்டார், பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் போன மாதம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, விலைவாசி எத்தனை சதவீதம் ஏறியது, ஐரோப்பிய வங்கி என்ன செய்தது, நம் ரிசர்வ் வங்கி என்ன செய்யப் போகிறது. எல்லாம் எண்கள். அவருக்கு எண்கள் என்றால் உயிர். ஒரு நீளமான நோட்டுப் போட்டுக் குறித்துவைத்தார். பிறகு அந்த நோட்டு அவருக்கு மட்டும் போதவில்லை.

கட்கி, தாபோடித் தமிழ்க் குடும்பங்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குரூப் இருக்கிறது. நாற்பத்துமூன்று பேர். சாவு, கல்யாணம், ஆடிக் கூழ், காணாமல்போன ஆதார் அட்டை, எல்லாம் அதில்தான் வரும். அதில் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழே முக்காலுக்கு, ஜம்புநாதனின் குரல் வர ஆரம்பித்தது. “வணக்கம் சொந்தங்களே” என்று தொடங்கி நான்கு நிமிஷம். கீழே கட்டைவிரல்கள் வரும், கும்பிட்ட கைகள் வரும், ரோஜாப்பூ வரும். காபி ஆறுவது தெரியாமல் அவர் அதை எண்ணிக்கொண்டிருப்பார். ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் வைஷு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது தன் பிய்ந்த தமிழில் சொன்னாள்: “அப்பா, உன் மெசேஜ் மேலே பிரெஸ் பண்ணி ஹோல்ட் பண்ணு. யார் கேட்டாங்க, லிஸ்ட் வரும்.” பதினெட்டுக் கட்டைவிரல் வந்திருக்கே, அது போதாதா என்று அவர் கையை உதறிவிட்டார்.

அந்த நாற்பத்துமூன்று பேரில் கட்டைவிரல் போடாத ஒருத்தி வேதநாயகி. அவள் கேள்வி கேட்பாள். அமெரிக்காவில் வட்டி ஏறினால் இங்கே ரூபாய் ஏன் இறங்குகிறது, வெளிநாட்டுக்காரன் பணத்தை எடுத்துக்கொண்டு போனால் நமக்கு என்ன என்று கடைவீதியில் பார்க்கும்போது நிறுத்திக் கேட்பாள். ஜம்புநாதனுக்கு அன்றைக்கெல்லாம் தலைகால் புரியாது. அவள் வீட்டுக்காரர் வசந்தகுமார், தொழிற்சாலையில் அவரோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர், பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவள் இரண்டு வருஷம் இருந்துகொள்ளலாம், அதற்குள் காலி செய்ய வேண்டும். அந்தக் கெடு போன வருஷம் அக்டோபரில் முடிவதாக இருந்தது.

போன வருஷம் மே மாதக் கடைசியில் அவள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பாஸ்புக். வசந்தகுமாருக்கு வந்த பணத்தில் இருபது லட்சம் சேவிங்ஸ் கணக்கில் சும்மா கிடக்கிறது. தாபோடியில் முதல் மாடியில் ஒரு சின்ன வீடு பேசி வைத்திருக்கிறாள், செப்டம்பரில் பத்திரம். லிஃப்ட் இல்லாத கட்டிடம், ஆனால் முதல் மாடிதானே, அவளுடைய முழங்கால் தாங்கும். அதுவரை மூன்று மாதம் பணத்தை எங்கே வைக்கலாம்? இதுதான் கேள்வி.

பேங்கில் போட்டு வை என்று மேத்தி விற்கிறவள்கூடச் சொல்லியிருப்பாள். அதுதான் சரியான பதிலும். ஆனால் அதைச் சொல்ல ஃபெட் மாமா எதற்கு? அந்த ஒரு நினைப்புத்தான் அவரைக் கெடுத்தது. எதிரே ஒருத்தி பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஆறு வருஷமாக எவரும் எதையும் நீட்டாத கைக்கு முன்னால். அவர் நோட்டை எடுத்தார். ஜூன் ஆறாம் தேதி ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கப்போகிறது, குறைத்தால் ஏற்கெனவே அதிக வட்டி தருகிற அரசாங்கக் கடன்பத்திரங்களுக்கு மவுசு கூடும், விலை ஏறும், அந்தப் பத்திரங்களில் நீண்ட காலத்துக்குப் போடுகிற ஃபண்ட் ஒன்று இருக்கிறது என்று விரல்விட்டு விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டாள்.

“நீங்களும் அதுலதான் போட்டிருக்கீங்களாண்ணா?”

“பின்னே? போடாமலா உனக்குச் சொல்றேன்?”

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ருக்மிணிக்குத் தெரியும். நான்கு நாளைக்கு முன்தான் அவர் கட்கியில் தங்கள் பேங்குக்குப் போய், தன்னிடமிருந்த பதினைந்து லட்சத்தையும் ஐந்து வருஷ டெபாசிட்டுகளில் பிரித்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வட்டி குறையப்போகிறது, அதற்கு முன்னால் பழைய வட்டிக்கே பூட்டிவிட வேண்டும் என்று. தன் பணம் என்றதும் மனிதர் இரண்டு முனையையும் பார்த்திருக்கிறார். வேதநாயகி படியிறங்கிப் போனபின் பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. அன்று அவர் அடுக்களைப் பக்கம் போகவே இல்லை. அந்த வாரமே வேதநாயகி இருபது லட்சத்தையும் அந்த ஃபண்டில் போட்டுவிட்டாள்.

ஜூன் ஆறு, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தார். கால் சதவீதம் குறைப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. அரை சதவீதம் குறைத்துவிட்டார்கள்! ஜம்புநாதன் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். டிவியில் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் அதற்கெல்லாம் நின்றது? செருப்பை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய் ஒரு கிலோ பேடா வாங்கினார். சலூன்காரருக்கு, மருந்துக்கடைக்கு, ரிக்ஷா ஸ்டாண்டில் நின்ற நால்வருக்கு, பிறகு குவார்ட்டர்ஸ் வரை நடந்துபோய் வேதநாயகிக்கு. சொன்னேனா இல்லையா என்று கேட்டார். அவள் பேடாவை இரண்டாக உடைத்து ஒரு பாதியை வசந்தகுமார் படத்தின் முன்னால் வைத்தாள்.

அவர் பேடா வாங்கப் போன அந்தக் கால் மணி நேரத்தில்தான் டிவியில் இரண்டாவது விஷயத்தைச் சொன்னார்கள். இதுவரை குறைக்கும் பக்கம் சாய்ந்திருந்தோம், இனி எந்தப் பக்கமும் சாயமாட்டோம், மேற்கொண்டு குறைக்க இடம் அதிகமில்லை என்று. வட்டி குறைகிற காலம் முடிகிறது என்பது அதற்கு அர்த்தம். நீண்டகாலக் கடன்பத்திரம் வைத்திருந்தவர்கள் விற்க ஆரம்பித்தார்கள். சாயந்திரம் விலை இறங்கியிருப்பதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கவில்லை. மறு ஒலிபரப்பைப் போட்டு முழுவதும் கேட்டபிறகு விளங்கியது. ஒரு முனை நுழைந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. மறு முனையைப் பார்க்கவே இல்லை. அவருடைய ஷாப்பில் இதை வேறொருவன் செய்திருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்பார்! மேஜைமேல் மீதி நான்கு பேடா இருந்தது. அதைப் பார்க்கவே கூசியது.

ஒரு நாள்தானே, ஏறிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஏறவில்லை. ஜூலையில் இறங்கியது, ஆகஸ்டில் இன்னும் இறங்கியது. அமெரிக்கா வரி போட்டது ஒரு காரணம், நம் அரசாங்கம் வரியைக் குறைக்கப்போவதாகச் சொன்னது இன்னொரு காரணம். காலை ஏழே முக்காலுக்கு எல்லாக் காரணத்தையும் அவர் விளக்கினார். அவர் விளக்காதது ஒன்றே ஒன்று, ஜூன் ஆறாம் தேதி தான் கேட்காமல் விட்ட அந்த இரண்டாவது விஷயம். ஆகஸ்ட் கடைசியில் வேதநாயகி பணத்தை எடுத்தபோது எழுபதாயிரத்துச் சொச்சம் குறைந்திருந்தது. அந்த எழுபதாயிரம் இல்லாமல் முதல் மாடி வீட்டுக்காரன் பத்திரத்துக்கு வரமாட்டேன் என்றான். அதே கட்டிடத்தில் நான்காவது மாடியில் ஒன்று விலை குறைவாகக் கிடைத்தது. அதை முடித்தாள்.

முடித்த மறுநாள் காலை வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு டப்பா. ஜம்புநாதன் வசவுக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தார். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். டப்பாவில் சாபுதானா கிச்சடி, நம் ஜவ்வரிசிதான். உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“எனக்காவது அதோட போச்சு, வீடு ஒண்ணு கிடைச்சிடுச்சு. உங்களுக்குத்தான் இன்னும் உள்ளயே மாட்டிக்கிட்டிருக்கு. அக்காகிட்ட சொல்லிட்டீங்களாண்ணா? மனசுக்குள்ளயே வச்சு அழுத்தாதீங்க. அவரு அப்படித்தான் எதையும் சொல்லாம வச்சிருந்து போயிட்டாரு.”

அவள் கண் கலங்கியிருந்தது. அவருக்காக. அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தார். திறந்த வாய்க்குள் கிச்சடியைப் போட்டுக்கொண்டார். நிலக்கடலையையும் பச்சைமிளகாயையும் மென்று மென்று விழுங்கினார். முழு டப்பாவையும் தின்று முடித்தார், பாதியில் வைத்தால் ஏன் என்று கேட்பாளே. அவள் போனபின் ருக்மிணி வந்து காலி டப்பாவை எடுத்தாள். “அது எப்படிங்க உங்களால சாப்பிட முடிஞ்சுது?” என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அழுகை வந்தது, ஆனால் அதற்கும் அருகதை இல்லை என்று தோன்றி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் வந்தால் ஒரு வேலை உண்டு. உயிரோடு இருக்கிறோம் என்று பேங்குக்குப் போய்ச் சான்று கொடுக்க வேண்டும். வசந்தகுமார் போனதிலிருந்து வேதநாயகிக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது ஜம்புநாதன்தான். சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, பேங்க் குமாஸ்தா இர்பானின் மேஜைக்கு வந்தார்கள். இர்பான் நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் அகலம். வேதநாயகி விரல்ரேகையை வைக்கும்போது, மீதிப் பணம் ஏதாவது இருந்தால் டெபாசிட்டில் போடுங்கள் ஆண்ட்டி, ஆனால் இப்போது வட்டி ரொம்ப இறங்கிவிட்டது என்று இந்தியில் சொன்னான். பிறகு ஜம்புநாதனைக் காட்டிச் சிரித்தான்.

“எங்க காகா பக்கா ஹுஷார். மே மாசமே வந்து மொத்தப் பணத்தையும் பழைய ரேட்டுக்கு அஞ்சு வருஷம் பூட்டிட்டாரு. வேற எதுலயும் ஒரு பைசா போட மாட்டாரு. இவர்கிட்ட கேட்டுச் செய்யுங்க ஆண்ட்டி.”

புகழ்ச்சியாகத்தான் சொன்னான். ஜம்புநாதனுக்குக் காது இரண்டும் சுட்டது. நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. வேதநாயகி விரலை எந்திரத்திலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ஆயிற்று ஆண்ட்டி, எடுக்கலாம் என்று இர்பான் சொன்னபிறகு எடுத்தாள். எல்லாக் காகிதத்தையும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒழுங்காக வைத்தாள். வெளியே வந்ததும், “பஸ் வருதுண்ணா, நான் கிளம்புறேன்,” என்றாள். பஸ் ஒன்றும் வரவில்லை. அவள் தாபோடிப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் குரூப்பில் குரல் வரவில்லை. அவர் பேங்கில் நின்றுகொண்டிருந்தார், கதவு திறப்பதற்கு முன்பே. டெபாசிட்டில் ஒன்றை உடைக்க வேண்டும் என்றார். வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், திரும்பப் போட்டால் இந்த ரேட்டு கிடைக்காது காகா என்று இர்பான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னான். தெரியும் என்றார். எழுபத்துமூவாயிரத்துக்கு ஒரு செக் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாபோடிக்குப் போனார்.

முதல் மாடியில் கதவு திறந்திருந்தது. வேறு யாரோ குடிவந்திருந்தார்கள், வாசலில் ரங்கோலி. இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் பால், காய்கறி, மாவு எல்லாம் இந்த வழியாகத்தான் அந்த முழங்காலோடு ஏறுகிறது. நான்காவது மாடியில் வேதநாயகி கதவைத் திறந்தாள். திறந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க. ஏறி வந்தா பத்து நிமிஷத்துக்குப் பேச முடியாது.”

அவர் உட்காரவில்லை. நான் அதில் போடவில்லை வேதா என்றார். தெரியும் என்றாள். எதற்கு என்னை மட்டும் அதில் போடச் சொன்னீர்கள் என்று கேட்டாள். இத்தனை மாதமாக மனதில் ஆயிரம் பதில் தயாரித்து வைத்திருந்தார், அமெரிக்க வரி, அரசாங்கக் கடன், அது இது என்று. ஒன்றும் வரவில்லை.

“பேங்க்ல போடுன்னு சொல்றதுக்கு நான் எதுக்குன்னு தோணிடுச்சும்மா. பெரிசா ஏதாவது சொல்லணும்னு இருந்துச்சு. நீ கேக்க உட்கார்ந்திருந்தே.”

செக்கை நீட்டினார். அவள் வாங்கமாட்டாள், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் வாங்கி, எழுத்தையும் எண்ணையும் படித்துப் பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.

“இது மாடிக்குண்ணா. வாங்கிக்கிறேன். அன்னைக்குக் கிச்சடி கொண்டுவந்து உங்களுக்கு ஆறுதல் சொன்னேனே. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே முழுசும் சாப்பிட்டீங்க. அதுக்கு என்ன பண்ணுவீங்க?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, குரூப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்காகச் சொல்ல வேண்டாம் என்றாள். “என்னை மாதிரி எத்தனை பேரு உங்க பேச்சைக் கேட்டுப் போட்டாங்களோ. அவங்களுக்காகச் சொல்லுங்க.” அது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. இறங்கி வரும்போது படிக்குப் படி ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது, எவன் எவன் எவ்வளவு இழந்தானோ என்று.

மறுநாள் காலை ஏழே முக்கால். ருக்மிணியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பட்டனை அழுத்திப் பேச ஆரம்பித்தார். ஜூன் மாதம் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பேடா வாங்கப் போனதையும், தன் பணத்தைப் பேங்கில் பூட்டிவிட்டு வேதநாயகியிடம் பொய் சொன்னதையும், அவள் ஆறுதல் சொல்ல வந்தபோது வாய்திறக்காமல் தின்றதையும் சொன்னார். தன் பேச்சைக் கேட்டு வேறு யாராவது பணம் போட்டிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், காலில் விழுகிறேன், இனி இந்தக் குரல் வராது என்றார். இரண்டு நிமிஷம். அனுப்பிவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தார். ருக்மிணி எழுந்து அடுக்களைக்குப் போனாள், போகும்போது அவர் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஒரு கட்டைவிரல். அடுத்து கும்பிட்ட கை. ஒரு ரோஜாப்பூ, அதன்மேல் குட் மார்னிங் என்று எழுதியிருந்தது. தாபோடி லூர்துசாமி, ‘சூப்பர் மாமா, பயனுள்ள தகவல்’ என்று போட்டிருந்தார். இன்னும் நான்கு கட்டைவிரல். ஜம்புநாதன் மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிண்டல் செய்கிறார்களா? அப்போதுதான் வைஷு சொன்னது ஞாபகம் வந்தது. செய்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்துத் தேடினார். கேட்டவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர்.

மேலே தள்ளிக்கொண்டு போனார். அக்டோபர், ஒரே பெயர். ஆகஸ்ட், ஜூலை, ஒரே பெயர். ஜூன் ஆறாம் தேதி பேடா வாங்கிவிட்டு மூச்சிரைக்கப் பேசியது, அதற்குப் பதினெட்டுக் கட்டைவிரல், கேட்டது ஒரே பெயர். அமெரிக்க வேலைவாய்ப்பு, ஐரோப்பிய வட்டி, ஜப்பான் நாணயம் என்று இத்தனை காலம் தொண்டை வறளப் பேசியதெல்லாம் நாற்பத்துமூன்று பேருக்கு இல்லை.

“யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?” என்று அடுக்களையிலிருந்து ருக்மிணி கேட்டாள்.

“இல்லை. வேதா மட்டும்தான் கேட்டிருக்கா,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எப்பவுமே அவ மட்டும்தான் கேட்டிருக்கா ருக்கு,” என்றார்.